என்ஜின் கசடும் டப்பா மருந்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு வாகன இணைப்பில், கார் என்ஜினுக்குள் படியும் கசடை ஆயிலில் கலக்கும் திரவங்களைக் கொண்டு நீக்குவது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பட்டறையில் என்ஜின்களைப் பிரித்துக் கோத்துவிட்டு ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அக்கட்டுரையில் கண்ட செய்திகளில் முக்கியமாக இரண்டை மறுத்து எழுத வேண்டியவனாக இருக்கிறேன். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் கசடைக் கரைக்கும் ‘ஃப்ளஷ்’ திரவம் ஒரு டப்பா ஊற்றுவது எல்லா வண்டிக்கும் நல்லது என்பது ஒன்று. அதை ஊற்றியபின் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து ஆயிலை வடித்தால் உட்புறம் இன்னும் நன்றாகச் சுத்தமாகும் என்பது மற்றொன்று. முதலாவது வீண்செலவு, அதைச் செய்கிறவருக்குப் பணம் போவதோடு முடிந்துவிடும். இரண்டாவதை நம்பிச் செய்கிறவருக்கு என்ஜினே போய்விடக்கூடும்.

கசடு எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லாமல் அதைக் கரைப்பதைப் பற்றி மட்டும் பேசியது கட்டுரையின் பெருங்குறை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிப்படுகிறது. அதில் மிகப் பெரும்பகுதி சைலென்சர் வழியே வெளியேறிவிடுகிறது என்றாலும், ஒரு சிறு பங்கு எரியாத எரிபொருள், கரித்துகள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றோடு சேர்ந்து பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. என்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரமாவது ஓடினால், இந்த நீரும் எரிபொருளும் ஆவியாகி, அதற்கென்றே அமைந்த பி.சி.வி. வால்வு வழியாக மறுபடி உள்ளிழுக்கப்பட்டு எரிந்துவிடும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், மாலையில் உழவர் சந்தைக்கு மூன்று கிலோமீட்டர் என்று ஓடுகிற வண்டியில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. டெம்பரேச்சர் முள்தான் நடுவுக்கு வந்துவிட்டதே என்று கேட்பார்கள். அது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூடு, ஆயிலின் சூடு அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் ஏறும். இப்படி உள்ளேயே தங்கிவிட்ட நீரும் அமிலமும் கரியும், வெப்பத்தால் கெட்டுப்போன ஆயிலோடு கலந்து, முதலில் பிசுக்காகவும், பிறகு தாராகவும், கடைசியில் சுரண்டினாலும் வராத கட்டியாகவும் படிகின்றன.

இதைத் தடுப்பதற்கான மருந்தைத் தனியே வாங்க வேண்டியதில்லை. அது ஆயில் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல என்ஜின் ஆயிலில் கால்சியம் அல்லது மெக்னீசியம் சேர்ந்த டிடர்ஜென்ட்டுகள் கலந்திருக்கின்றன. அவை அமிலத்தை முறித்து உலோகப் பரப்பில் பிசின் ஒட்டாமல் காக்கின்றன. டிஸ்பர்சன்ட் என்னும் மற்றொரு பொருள், கரித்துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகாதபடி ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆயிலில் மிதக்க வைக்கிறது. டீசல் காரில் ஆயில் மாற்றிய இரண்டொரு நாளிலேயே ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் கறுப்பாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, ஏமாற்றிப் பழைய ஆயிலையே ஊற்றிவிட்டார்கள் என்று மெக்கானிக்கோடு சண்டைக்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கறுத்த ஆயில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஆயில். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக நிற்க, கரி அத்தனையும் என்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவருக்குள் அப்பிக்கிடப்பதுதான் அஞ்ச வேண்டிய நிலை. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ., பெட்ரோல் என்ஜின் ஆயில்களுக்கு 2010இல் எஸ்.என். என்றும் 2020இல் எஸ்.பி. என்றும் தர வரிசைகளை வெளியிட்டது; அந்தத் தரத்தைப் பெற, உண்மையான என்ஜினில் ஊற்றி ஓட்டிக் கசடு எவ்வளவு படிகிறது என்று பார்க்கும் சோதனையில் ஆயில் தேற வேண்டும். அந்த முத்திரை ஆயிலுக்குத்தான் கிடைக்கிறதே தவிர, கடையில் தனியாக விற்கும் ஃப்ளஷ் டப்பாக்களுக்கு அது கிடையாது.

ஆயிலுக்குள் இருக்கும் அந்த மருந்துகளுக்கும் ஆயுள் உண்டு. பெரும்பாலான கார்களின் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று இருக்கும். நம்மவர்கள் கிலோமீட்டரை மட்டும் படித்துவிட்டு, ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் மூன்றாண்டுகள் ஒரே ஆயிலை வைத்திருக்கிறார்கள். குறைந்த தூர ஓட்டம், தூசி, நெரிசலில் நின்று நின்று போவது ஆகியவை கடுமையான பயன்பாடு என்றும், அத்தகைய வண்டிக்கு முன்னதாகவே மாற்ற வேண்டும் என்றும் அதே கையேட்டில் வேறொரு பக்கத்தில் அச்சிட்டிருப்பதை ஒருவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. சிக்னலில் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கும் வண்டியின் மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது. என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி அந்த டப்பாவுக்கு வருகிறேன். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. ஆயிலை வடிப்பதற்குச் சற்று முன்னால் பழைய ஆயிலில் ஊற்றி, ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வண்டியை நிறுத்தியபடியே என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, உடனே வடித்துவிட வேண்டியது முதல் வகை. இதில் பெரும்பகுதி மண்ணெண்ணெய்க்கு உறவான லேசான கரைப்பான்கள், அவற்றோடு கொஞ்சம் டிடர்ஜென்ட். ஆயில் மாற்றுவதற்குச் சில நூறு கிலோமீட்டர் முன்னதாக ஊற்றி, மெதுவாகக் கரைய விட வேண்டியது இரண்டாவது. புதிய ஆயிலோடு சேர்த்து அடுத்த மாற்றம் வரை உள்ளேயே விட்டுவைப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதால்தான், முதல் வகையை ஊற்றிவிட்டு ஓட்டிப் போகலாம் என்று கட்டுரையாளர் எழுத நேர்ந்திருக்க வேண்டும். கரைப்பான் கலந்த ஆயில் நீர்த்துப்போயிருக்கும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அந்த இடைவெளியில் ஆயில் ஒரு படலமாக நின்று உலோகத்தோடு உலோகம் உரசாமல் தாங்குகிறது. வண்டி நிற்கும்போது அந்தப் பேரிங் மீது பெரிய சுமை இல்லை. நீர்த்த ஆயிலும் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். கியர் போட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு, மேம்பாலத்தில் ஏறும்போது அந்தப் படலம் அறுந்துபோகக்கூடும். டர்போ உள்ள வண்டியானால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் அதன் தண்டும் இதே ஆயிலை நம்பித்தான் இருக்கிறது. டப்பாவின் மேலேயே ஓட்டக்கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைக் கட்டுரையாளர் படித்திருக்கலாம்.

முறைப்படி ஊற்றி, முறைப்படி வடித்தாலும் தீராத ஆபத்து ஒன்று இருக்கிறது. என்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்புக்குள், பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பிவலைச் சல்லடை இருக்கிறது; ஸ்டிரெய்னர் என்போம். ஆயில் ஃபில்டர் பம்ப்புக்கு அடுத்து வருவது. இந்தச் சல்லடையோ பம்ப்புக்கும் முன்னால் இருப்பது. கரைந்து வருகிற கசடு, காப்பியில் கரையும் சர்க்கரையைப் போல ஒரே சீராகக் கரைந்துவிடுவதில்லை. மெல்லிய பிசுக்கு கரையும். கட்டியாக ஒட்டியிருந்தது அடிப்பிடிப்பு தளர்ந்து பத்தை பத்தையாகப் பெயரும். பெயர்ந்த பத்தைகள் நேராகச் சம்ப்புக்கு இறங்கி, பம்ப் இழுக்கும் இழுப்பில் அந்தச் சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும். ஃபில்டர் அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலாவது என்ஜினுக்குப் போகும். சல்லடை அடைத்துவிட்டால் பெரும்பாலும் மாற்று வழி கிடையாது. புதிய ஃபில்டர் போட்டுவிட்டோம், இனி பயமில்லை என்று எண்ணுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

என் தங்கை மகன் இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பழைய டீசல் காரை வாங்கினான். பதினோரு வயது வண்டி, மீட்டரில் 1,10,000 கிலோமீட்டர். முந்தைய உரிமையாளர் எப்போது ஆயில் மாற்றினார் என்பதற்கு ஒரு ரசீதும் இல்லை. வாங்கிய வாரமே நகரில் ஒரு பட்டறையில் விட்டு, ஃப்ளஷ் ஊற்றி, பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓட்டி, வடித்து, விலையுயர்ந்த புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்டு எடுத்துவந்தான். என்ஜின் சத்தமே குறைந்துவிட்டது என்று மூன்று நாள் மகிழ்ச்சியாக இருந்தான். நான்காம் நாள் குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்பினான். கிணத்துக்கடவு தாண்டியதும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்து அணைந்தது. ஓரமாக நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டில் சரியாக நிற்கிறது. எனக்குத் தொலைபேசியில் சொன்னான்: “மாமா, லைட்டு ஒருக்கா மின்னுச்சு, அப்பறம் நின்னுபோச்சுங்க, ஆயில் எல்லாம் கரெக்டா இருக்குதுங்க.” வண்டியை அங்கேயே அணைத்துவிட்டு இழுவை வண்டிக்குச் சொல் என்றேன். பொள்ளாச்சி வரை மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்துவிட்டான். ஊருக்குள் நுழைவதற்குள் அடியிலிருந்து டக்டக்கென்று சத்தம் கேட்டு, என்ஜின் நின்றுவிட்டது.

அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. அதிலும், ஐடிலில் இருக்க வேண்டிய அழுத்தத்துக்கும் கீழே வெகுவாக இறங்கிய பிறகுதான் பெரும்பாலான வண்டிகளில் அது எரியும். ஆகவே விளக்கு எரியும்போது பேரிங் ஏற்கெனவே பட்டினியில் இருக்கிறது. சம்ப்பைக் கழற்றும்போது நானும் உடன் இருந்தேன். சல்லடையின் மேல், ரோடு போடுகிறவர்கள் சிந்திவிட்டுப் போன தார்போல, விரல் பருமனுக்குக் கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. மூன்று லிட்டர் புத்தம்புதிய ஆயில் அடியில் தேங்கி நிற்க, அதை உறிஞ்ச வழியில்லாமல் கிராங்க் தேய்ந்து போயிருந்தது. சரிசெய்ய ஒரு லட்சத்துக்கு மேல் ஆயிற்று. பட்டறைக்காரரை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். டப்பாவில் எழுதியிருந்தபடிதான் அவர் செய்தார். ஊற்றுவதற்கு முன் டாப்பெட் கவரைக் கழற்றி உள்ளே பார்க்கவில்லை, அவ்வளவுதான் அவருடைய தவறு. அந்தத் தவறுக்கு அவ்வளவு விலை.

கசடு இல்லாத வண்டியில் ஃப்ளஷ் ஊற்றினால் பெரும்பாலும் தீங்கொன்றும் நேராது, ஏனென்றால் அங்கே பெயர்வதற்கு ஒன்றுமில்லை. கசடு மண்டிய வண்டியில்தான் அது ஆபத்து. அதாவது, யாருக்கு இந்த மருந்து தேவை என்று விளம்பரம் சொல்கிறதோ, அவருக்குத்தான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக்கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே, உள்ளே லேசான பழுப்புப் படலம் மட்டும் இருக்கும் வண்டிகளுக்கும், பிஸ்டன் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டு ஆயில் குறைகிற சில வண்டிகளுக்கும் இந்தத் திரவங்கள், அவற்றிலும் மெதுவாக வேலை செய்யும் வகை, பயன் தந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மண்ணெண்ணெய் அல்லது டீசலையே சம்ப்பில் ஊற்றிக் கழுவும் பழைய வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் காலத்தில் லாரி என்ஜின்களுக்கு இதைச் செய்தவர்கள் உண்டு. அவற்றின் இடைவெளிகளும் ஆயில் வழிகளும் பெரியவை. இன்றைய காரில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அதற்குப் போகும் துளை நூல் நுழையும் அளவே இருக்கும். வடிக்கும்போது எல்லாம் வந்துவிடுவதும் இல்லை. ஆயில் வழிகளிலும் பம்ப்பிலும் தங்கும் மிச்சம், புதிதாக ஊற்றும் ஆயிலை முதல் நாளே நீர்க்கச் செய்துவிடும்.

கசடு முழுக்க முழுக்க உரிமையாளரின் அலட்சியத்தால்தான் வருகிறது என்று கட்டுரை சொல்வதும் முழு உண்மையன்று. 1990களின் பிற்பகுதியிலும் 2000ஐ ஒட்டியும் அமெரிக்காவில் விற்ற டொயோட்டா, லெக்சஸ் கார்களின் 3 லிட்டர் வி-6 என்ஜினிலும் 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜினிலும் கசடு கட்டுவதாகப் புகார்கள் குவிந்தன. நேரத்தில் ஆயில் மாற்றாததே காரணம் என்று நிறுவனமும், நாங்கள் ஒழுங்காக மாற்றினோம் என்று உரிமையாளர்களும் வாதிட்டார்கள். முடிவில் 2002இல், ஏறத்தாழ 33 லட்சம் வண்டிகளுக்கு, முதல் விற்பனை நாளிலிருந்து எட்டாண்டு வரை, கசடால் வரும் என்ஜின் பழுதின் செலவை ஏற்பதாக நிறுவனம் அறிவித்தது. அதே காலத்தில் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் 1.8 லிட்டர் டர்போ என்ஜினுக்கும் இத்தகைய கூடுதல் உத்தரவாதம் தர வேண்டி வந்தது. ஒரே ஆயில், ஒரே பழக்கம்; ஆனாலும் சில என்ஜின்கள் மட்டும் கசடு கட்டின என்றால், உள்ளே ஆயில் படும் சூடும், ஆவி வெளியேறும் வழியும் அதற்குக் காரணமாக முடியும் என்று புரிந்துகொள்ள வேண்டும். அடைத்துப்போன ஒரு சிறிய பி.சி.வி. வால்வை மாற்றாமல் எத்தனை டப்பா ஊற்றினாலும் கசடு திரும்ப வரும்.

மற்றொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மஞ்சளாக வெண்ணெய்போல் ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே ஃப்ளஷ் செய்ய வேண்டும் என்கிறது கட்டுரை. சென்ற ஐப்பசி மழையில் என் சொந்த பெட்ரோல் காரிலேயே அப்படி இருந்தது. கோயிலுக்கும் மளிகைக் கடைக்கும் மட்டும் எடுத்த வண்டி. மேட்டுப்பாளையம் வரை ஒரு முறை நிற்காமல் ஓட்டிவிட்டு வந்தேன், மூடியைத் துடைத்தேன், பிறகு வரவில்லை. மூடியின் அடியில் மட்டும் இருந்தால் அது குளிர்ந்து படிந்த நீர். டிப்ஸ்டிக்கிலும் அதே பால்நிறம் தெரிந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால், கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போதும் அதற்கு மருந்து ஃப்ளஷ் அன்று.

கசடு உண்மையிலேயே இருக்கிறதா என்று அறிய, மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே தெரியும் இரும்பைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்; தேன்நிறம் இயல்பு, கரும்பிசின் அன்று. ஐயமிருந்தால் டாப்பெட் கவரைக் கழற்றச் சொல்லலாம். மண்டிக்கிடந்தால், சம்ப்பை இறக்கிச் சல்லடையையும் அடித்தட்டையும் கையால் சுத்தம் செய்துவிட்டு, மேலே தட்டுப்படுவதைத் துணியாலும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் தரத்தில் நல்ல ஆயிலை ஊற்றி, 1,500 அல்லது 2,000 கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு மாற்ற வேண்டும். இப்படி மூன்று முறை செய்தால், ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட்டே மிச்சத்தைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு வந்துவிடும். பொறுமை வேண்டும், கூலியும் ஆகும். என்ஜினைப் புதுப்பிக்கும் செலவோடு வைத்துப் பார்த்தால் அது அற்பத் தொகை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் கார் வைத்திருப்பவர்கள், புதிய ஆயிலோடு கலந்து உள்ளேயே விட்டுவைக்கும் எதையும் யோசித்தே ஊற்ற வேண்டும். புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டியில் கரி எரிந்துபோகும்; ஆயில் மருந்துகளில் இருக்கும் உலோகத்தின் சாம்பல் எரியாது, அங்கேயே சேரும். அதனால்தான் அத்தகைய வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலைக் கேட்கிறார்கள்.

இவ்வளவு எழுதியதற்கு மற்றொரு காரணம், சர்வீஸ் பில்களில் இப்போது ‘என்ஜின் ஃப்ளஷ்’, ‘என்ஜின் கோட்டிங்’ என்று கேட்காமலே சேர்க்கப்படும் வரிகள். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய புது வண்டிக்குக்கூட இது போடப்பட்டிருப்பதை என் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து காட்டினார். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பல கையேடுகளில், ஆயிலில் வேறெதையும் கலக்க வேண்டாம் என்றே இருக்கிறது. எந்த இடத்தில் கசடு இருக்கிறது, மூடியைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டார்; அந்த வரி பில்லிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

தங்கள் இணைப்பைப் படித்துவிட்டு இந்நேரம் யாரேனும் ஃப்ளஷ் ஊற்றி இருபது கிலோமீட்டர் ஓட்டக் கிளம்பியிருக்கக்கூடும். எனவே இக்கடிதம் முழுவதையும் வெளியிட இடமில்லாவிட்டாலும், உடனே வடிக்க வேண்டிய ஃப்ளஷ் ஊற்றிய வண்டியை ஓட்டக்கூடாது, ஐடிலில் மட்டுமே வைத்து உடனே வடித்துவிட வேண்டும் என்ற திருத்தத்தையாவது, வரும் ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பட்டறை மேற்பார்வையாளர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.